பெட்டிக்குள் மூன்று பேர்

காலை எடுங்கண்ணா. அதுமேல வைக்காதீங்க. போர்வை சுத்தியிருக்கிறதால மூட்டைன்னு நினைச்சுட்டீங்க, சரி, ஆனா இது மூட்டை இல்லை. உள்ளே மூணு பேர் இருக்காங்க.

பயப்படாதீங்க, கம்ப்யூட்டர்தான். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, வெறும் பெட்டி. மேட்டூர்ல ஏறினதுல இருந்து என் ரெண்டு காலுக்கு நடுவுலதான் இருக்கு. கண்டக்டர் பின்னாடி டிக்கியில போடச் சொன்னார். போடலை. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில கொடுத்துட்டு, "மடியில வெச்சுத் தாலாட்டியிருந்தா கைக்குழந்தைன்னு விட்டிருப்பேன்"னு நக்கல் வேற. நீங்க சிரிச்சீங்க, நான் பார்த்தேன்.

இப்ப அம்மாபேட்டையில டீ குடிக்க இறங்கினப்போ, "நீ வரலையா தம்பி"ன்னு கேட்டீங்க. பெட்டியை யார் பார்த்துக்குவா? அதான் வரலை. வேற ஒண்ணும் இல்லை.

உள்ளே இருக்கிற டிஸ்க் ரொம்பப் பழசு. ஒரு இடி இடிச்சா போயிடும். போச்சுன்னா நானும் போனேன். எப்படின்னு சொல்றேன். கோயமுத்தூர்ல பெனிட்டா மேடம்னு ஒருத்தங்க சின்னதா சர்வர் கம்பெனி நடத்துறாங்க. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு அவங்க முன்னாடி இதை ஓட்டிக் காட்டணும். ஓடினா எனக்கு அங்கே வேலை, தங்க இடம். ஓடலைன்னா நாளைக்குக் காலையில ஒன்பதேகாலுக்குப் பன்னெண்டாம் வகுப்பு, பி செக்‌ஷன், கடைசி பெஞ்சு. திங்கட்கிழமைக்கு மேல வந்தா பிராக்டிகல்ல உட்கார வைக்க முடியாதுன்னு எச்.எம். சொல்லிட்டார். அப்பாவும் நானும் அப்படித்தான் பேசி முடிவு பண்ணியிருக்கோம். ஓடினா கோயமுத்தூர், ஓடலைன்னா பெஞ்சு.

அந்த பெஞ்சுக்கு மட்டும் நான் போக மாட்டேன்ணா. செப்டிக் டேங்க் கழுவுன்னு சொல்லுங்க, கழுவுறேன்.

உங்க போன் அடிக்குது. எடுக்கலையா? சரி, உங்க இஷ்டம்.

மூணு பேர்னு சொன்னேன் இல்லையா. ஒரு வீட்டை மூணு போர்ஷனாத் தடுத்து வாடகைக்கு விடுறாங்களே, அது மாதிரி. கூரை ஒண்ணுதான், மீட்டர் ஒண்ணுதான். ஆனா உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தனும் இது என் வீடு, நான் தனி ஆளுன்னு நினைச்சுக்குவான். இதுக்கு விர்ச்சுவல் மெஷின்னு பேர். அந்த மூணு பேரையும் சேர்த்துக் கட்டி ஒரே வேலையைச் செய்ய வைக்கணும். ஒருத்தன் விழுந்தா மத்த ரெண்டு பேரும் அவன் வேலையை எடுத்துக்கணும். வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு ஒருத்தன் விழுந்ததே தெரியக் கூடாது. அதுக்குப் பேர் கிளஸ்டர். அவ்வளவுதான். பெரிய கம்பெனியில எல்லாம் இதே வேலையை ஆயிரம் மெஷின்ல பண்றான். நான் எங்க வீட்டு முன்ரூம்ல, அப்பா கம்பெனி ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஒரே ஒரு பெட்டிக்குள்ள பண்ணினேன்.

ஏன் மூணுன்னு கேளுங்க. கேட்க மாட்டீங்க, நானே சொல்றேன். ரெண்டு பேர் மட்டும் இருந்தா ஒரு சிக்கல் இருக்கு. எதிர் ஆள்கிட்ட இருந்து பேச்சு வரலைன்னா, அவன் செத்துட்டானா, இல்லை நடுவுல இருக்கிற கம்பி அறுந்துச்சான்னு இவனுக்குத் தெரியாது. அவனும் இவனைப் பத்தி அதேதான் நினைப்பான். ரெண்டு பேரும் உயிரோட இருப்பான், ரெண்டு பேரும் நான் மட்டும்தான் மிச்சம்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அதனால மூணாவதா ஒருத்தன் வேணும்.

எங்க வீட்ல ரெண்டு பேர்தான், நானும் அப்பாவும். அக்காவுக்கு பெங்களூர்ல குழந்தை பொறந்துச்சு. அக்கா வேலைக்குப் போகணும், குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணும். அம்மா ரெண்டு மாசம்னு போனாங்க, எட்டு மாசம் ஆச்சு. அப்பா ரசாயனக் கம்பெனியில ஷிப்ட்டு. மாதேஸ்வரன்னு கேட்டா கேட்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். அவர் வரும்போது நான் தூங்குவேன், நான் எழுந்திரிக்கும்போது அவர் தூங்குவார். ஃப்ரிட்ஜ் மேல சாக்பீஸ்ல எழுதிட்டுப் போவார். "சாமி, ரசம் இருக்கு. சூடு பண்ணிக்க." சில வாரம் அந்த எழுத்துதான் அப்பா.

அதனால எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை. இடைஞ்சல் இல்லாம வேலை நடந்துச்சு.

முதல் ஆளை உண்டாக்க ஒன்றரை நாள் ஆச்சு. அதே வேலையை இன்னும் ரெண்டு தடவை செய்ய எனக்குப் பொறுமை இல்லை. எனக்குப் பொறுமையே கிடையாதுண்ணா, எங்கம்மாவைக் கேளுங்க. நகல் எடுத்தேன். ஜெராக்ஸ் மாதிரி. ஒருத்தன் மூணு பேர் ஆயிட்டான். அங்கேதான் பிடிச்சது சனி. ஒருத்தனை எழுப்பினா இன்னொருத்தன் காணாமப் போறான். அவனைத் தேடிப் பிடிச்சு எழுப்பினா முதல் ஆள் பேச மாட்டேங்கிறான். மூணு பேரும் எழுந்து நிக்கிறான், ஆனா ஒருத்தன்தான் பதில் சொல்றான். யாருன்னும் தெரியலை. பேர் மாத்திப் பார்த்தேன். அழிச்சுட்டுத் திரும்ப நகல் எடுத்தேன். பத்தொன்பது நாள்ணா. பத்தொன்பது நாள் ஒரு ஆள்கிட்டயும் பேசலை, இதோடதான் மல்லுக்கட்டினேன். கறிவேப்பிலை வாங்கப் போனப்போ கடைக்காரர்கிட்ட என்ன வேணும்னு சொல்ல வாயைத் திறந்தா குரல் வரலை. காய்ச்சலான்னு கேட்டார்.

அப்புறம் டெலிகிராம்ல ஒரு குரூப்ல என் பிரச்சினையை எழுதினேன். நாலு பேர் என்னைக் கிண்டல் பண்ணினாங்க. ஒருத்தங்க மட்டும் ஒரே வரி போட்டாங்க. "நகல் எடுத்தியா? உள்ளே இருக்கிற அடையாள நம்பரைப் பாரு."

அவங்கதான் பெனிட்டா மேடம்.

பார்த்தேன். ஒவ்வொரு மெஷினும் முதல்தடவை கண்ணு முழிக்கும்போது தனக்குன்னு நீளமா ஒரு நம்பரை உண்டாக்கி உள்ளே எழுதி வெச்சுக்கும். ஆதார் நம்பர்னு வெச்சுக்கங்க. நான் நகல் எடுத்தப்போ அந்த நம்பரும் சேர்ந்து நகலாயிடுச்சு. நான் வெளியில பேரை மாத்துறேன், உள்ளே மூணு பேருக்கும் ஒரே ஆதார். நெட்வொர்க்ல விலாசம் கொடுக்கிறவன் ஏமாந்து மூணு பேருக்கும் ஒரே கதவு நம்பரைக் கொடுத்துட்டான். அப்புறம் எங்கே தபால் சரியாப் போகும்? நம்பரை அழிச்சேன். நீ யாருன்னு நீயே முடிவு பண்ணிக்கடான்னு விட்டேன். மறுபடி முழிச்சாங்க. மூணும் மூணு ஆள். திரையில மூணு பச்சைக் கோடு. நான் எழுந்து நின்னு கை தட்டினேன். வீட்ல யாரும் இல்லை.

பேரா? பேர் வெச்சேன். வைக்காம முடியாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் கேட்கும். சபரி, தினகர், ஹாரூன்.

கூடப் படிச்ச பசங்க பேர். ஞாபகம் வெச்சுக்க சுலபம்னு வெச்சேன். வேற எந்தப் பேரும் அந்த நேரத்துக்குத் தோணலை.

என் பேரா? என் பேர் நவநீதன். அது எதுக்கு அதுக்குள்ள? நான் வெளியில இருந்து பார்க்கிறவன். உள்ளே இருக்கிறவங்களுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்னே தெரியாது.

பாருங்க, உங்க போன் திரும்ப அடிக்குது. வீட்லதானே? எடுத்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். வெச்சுட்டீங்களா, சரி.

இவங்க மூணு பேரும் என்ன பண்ணுவாங்க தெரியுமா? ஒவ்வொரு செகண்டும் ஒருத்தனுக்கு ஒருத்தன் செய்தி அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. இருக்கியா. இருக்கேன். இருக்கியா. இருக்கேன். அதுல வேற விஷயமே கிடையாது. நாலு தடவை பதில் வரலைன்னா மத்த ரெண்டு பேரும், அவன் போயிட்டான்னு முடிவு பண்ணி, உடனே ஓட்டுப் போட்டு ஒரு தலைவனை எடுத்து வேலையைப் பார்ப்பாங்க. நாலு செகண்டு. அந்தச் செய்தி ஓடுறதைத் திரையில வரி வரியாப் பார்க்கலாம். நான் சாப்பிடும்போது அதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். சீரியல் பார்க்கிறதைவிட நல்லாத்தான் இருக்கும்.

ஏன் பள்ளிக்கூடம் நின்னேன்னு கேட்கணும்னு நினைக்கிறீங்க. எல்லாரும் கேட்கிறாங்க. நின்னுட்டேன், அவ்வளவுதான். யாரும் துரத்தலை.

பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு. நீங்க படிச்ச காலத்துல இருந்துச்சா? சோதனை செஞ்சு, அளவு எடுத்து, எழுதி, படம் வரைஞ்சு, சார்கிட்ட கையெழுத்து வாங்கணும். கடைசி பெஞ்சுல நாங்க நாலு பேர், நான், சபரி, தினகர், ஹாரூன். ஆறாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சு. தீபாவளிக்கு அடுத்த வாரம் சார் எங்க நாலு பேர் நோட்டையும் மேஜை மேல பரப்பி வெச்சு எங்களைக் கூப்பிட்டார். ஒரு சோதனையில எனக்கு 7.4 வந்துச்சு, அவசரத்துல 4.7ன்னு எழுதிட்டேன். நாலு நோட்டுலயும் 4.7. வேற ஒரு வரியை நான் அடிச்சுத் திருத்தின இடத்துல ஒரு மைக்கறை இருந்துச்சு, தினகர் அந்தக் கறையைக்கூடப் பென்சில்ல வரைஞ்சு வெச்சிருக்கான், படத்துல சேர்ந்ததுன்னு நினைச்சுட்டான்.

சிரிக்கிறீங்க. நாங்களும் சிரிச்சோம். சார் சிரிக்கலை. "யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?"ன்னு கேட்டார். மூணு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு அந்த மாதிரி நிக்க முடியாதுண்ணா, கேட்டா பதில் சொல்லிடணும். "ஒரிஜினல் என்னுது சார். மத்த மூணு பேரும் என்னைப் பார்த்து எழுதினாங்க"ன்னு சொன்னேன்.

நான் சொன்னது பொய்யா? சொல்லுங்க. ஒரு எழுத்து பொய் இருக்கா அதுல?

என்னை "போய் உட்காரு"ன்னுட்டார். அவங்க மூணு பேரும் முழு ரெக்கார்டையும் முதல்ல இருந்து எழுதணும், அப்பாவைக் கூட்டிட்டு வரணும். சபரியை அவங்கப்பா ஸ்டாஃப் ரூம் வாசல்லயே வெச்சு அடிச்சார். ஹாரூனோட அத்தா சைக்கிள் கடை வெச்சிருக்கார், பஞ்சர் ஒட்டுறது, டியூப் மாத்துறது. கடையைப் பூட்டிட்டு வந்து வகுப்பு முன்னாடி நின்னார். கை எல்லாம் கிரீஸு. துடைக்கக்கூட நேரம் இல்லாம வந்திருந்தார். சார் பேசப் பேச, கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நின்னார்.

அதுக்கு அப்புறம் ஒருத்தனும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். நான் போய் உட்கார்ந்தா மூணு பேரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாங்க. இடம் கொடுக்கிற மாதிரி. அவ்வளவு இடம் எனக்கு எதுக்கு? ஒரு வாரம் பார்த்தேன். எட்டாவது நாள் நான் போகலை. ரெண்டரை மாசம் ஆச்சு. ஒருத்தன்கிட்ட இருந்தும் போன் இல்லை. நானும் பண்ணலை. நான் ஏன் பண்ணணும்? உண்மையைச் சொன்னவன் நான்.

சரி, நேத்து விஷயத்துக்கு வரேன்.

மேடம் சொல்லியிருந்தாங்க: "எனக்கு சர்டிபிகேட் வேண்டாம். டிஸ்க்கை மட்டும் கழட்டிக் கொண்டு வா. நான் நினைச்ச நேரத்துல நான் நினைச்ச ஆளை அணைப்பேன். மத்த ரெண்டும் நிக்கணும்." டிஸ்க்கை மட்டும் கொண்டு போக எனக்கு மனசு வரலை. வேற பெட்டியில போட்டா எப்படி முழிப்பாங்களோ. முழுசாத் தூக்கிட்டேன். அவங்க கேட்டா கேட்கட்டும்.

நேத்து மத்தியானம் முழுக்க ஒத்திகை. கதவைத் தாழ் போட்டுட்டேன். பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணு இருக்கு, உள்ளே வந்தா நேரா சுவிட்சைத்தான் தட்டும், ஒருதடவை மூணு பேரையும் ஒரே அடியாக் காலி பண்ணிட்டுச்சு. காதுல ஹெட்போன், போன் சைலன்ட்ல. ஒருத்தனை அணைக்கிறது, மத்தவங்க சமாளிக்கிறாங்களான்னு பார்க்கிறது, திருப்பி எழுப்புறது. இருபது தடவை, தப்பில்லாம. வேலை செய்யும்போது நான் வாய்விட்டுப் பேசுவேன். எல்லாரும்தான் பேசுவாங்க. "ஹாரூன், நீ போடா, போயிட்டு அப்புறமா வா." "தினகரு, திருதிருன்னு முழிக்காத, இப்ப நீதான்டா தலைவன்." "டேய் சபரி, எங்கடா தொலைஞ்ச?" இப்படி. பன்னெண்டாவது தடவையோ என்னவோ, மிச்ச ரெண்டு பேரும் அடிச்சுப் பிடிச்சு ஒரே செகண்டுல ஓட்டுப் போட்டாங்க. சத்தமாச் சிரிச்சுட்டேன்.

சாயங்காலம் நாலே முக்காலுக்குக் குழாயில தண்ணி வரும். குடத்தை எடுத்துக்கிட்டுக் கதவைத் திறந்தேன்.

அப்பா படிக்கட்டுல உட்கார்ந்திருந்தார். கம்பெனி யூனிஃபார்மோட. ஷிப்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சிருக்கும். மடியில ஒரு கவர், அடியெல்லாம் எண்ணெய் ஊறிப் போய். என்னைப் பார்த்ததும் வாய் மேல விரலை வெச்சு, ரகசியம் பேசுற மாதிரிக் கேட்டார்.

"கிளம்பிட்டாங்களா சாமி? அவசரப்படுத்தாத. நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"யாருப்பா?"

"பசங்க."

"எந்தப் பசங்க?"

"அட, சபரி, தினகரு எல்லாம். பேசிட்டு இருந்தீங்களே. கதவைத் தட்டலாம்னு வந்தேன், சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்காங்க, நான் நடுவுல வந்து நிப்பானேன்னு அப்படியே கடைக்குப் போயிட்டு வந்தேன்."

கவரைத் திறந்து காட்டினார். பப்ஸு. மூணு முட்டை பப்ஸு, ஒண்ணு காய் பப்ஸு. சபரி முட்டை சாப்பிட மாட்டான்ணா. அது எனக்கே மறந்து போச்சு.

நாலுதான் இருந்துச்சு. அவருக்கு வாங்கலை.

நான் என்ன பண்ணட்டும்? எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. "யாரும் வரலைப்பா"ன்னு சொன்னேன்.

"ஹாரூன்னு கூப்பிட்டியே."

"அது மெஷினோட பேருப்பா."

எழுந்திரிச்சு உள்ளே எட்டிப் பார்த்தார். முன்ரூம்ல ஃபேனு ஓடுது, பெட்டி ஓடுது, நாற்காலி ஒண்ணு. திரும்பி வாசலைப் பார்த்தார். வாசல்ல என் செருப்பு ஒரு ஜோடிதான் இருந்துச்சு.

"செருப்பு இல்லையேன்னு நானும் பார்த்தேன்" அப்படின்னார். "உள்ளேயே கழட்டியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

எங்க வீட்ல எவன் செருப்பை உள்ளே கழட்டுவான்? அதைப் பார்த்தும் ரெண்டு மணி நேரம் எப்படி உட்கார்ந்தார்னு எனக்கு இன்னும் புரியலை. அதுக்குள்ள பெங்களூர்ல இருந்து அம்மா வேற போன் பண்ணியிருக்காங்க. பசங்க வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்னு மெதுவாச் சொல்லி வெச்சுட்டாராம்.

தண்ணி பிடிக்க அவரே குடத்தை வாங்கிட்டுப் போயிட்டார். அப்புறம் ரெண்டு பேரும் பப்ஸ் சாப்பிட்டோம். ஆறிப் போயி ரப்பர் மாதிரி இருந்துச்சு. நான் முட்டை மூணையும் சாப்பிட்டேன், பசி. காய் பப்ஸை அப்பா சாப்பிட்டார். சாப்பிட்டுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெட்டி முன்னாடி உட்கார்ந்தார். ரெண்டரை மாசத்துல முதல்தடவை.

"இதுல எது சாமி ஹாரூன்?"

காட்டினேன். மூணாவது பச்சைக் கோடு.

"இப்ப அவனை அணைச்சா?"

அணைச்சேன். நாலு செகண்டு. கோடு சிவப்பாச்சு, மத்த ரெண்டும் வேலையைப் பிரிச்சு எடுத்துக்கிச்சு. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கிட்டு இருந்தார். அசந்துட்டார்னு நினைச்சேன்.

"திரும்பி வந்தா சேர்த்துக்குமா?"

"சேர்த்துக்கும்."

"எங்கே போனேன்னு கேட்காதா?"

"கேட்காதுப்பா. வர்றவன் 'இருக்கேன்'னு ஒரு செய்தி அனுப்புவான். அவன் இல்லாதப்போ என்னென்ன நடந்துச்சுன்னு மத்தவங்க அவனுக்குக் கொடுப்பாங்க. அதைப் படிச்சுட்டு அவன் வேலையைப் பார்ப்பான்."

"முதல்ல யாரு பேசணும்?"

"வர்றவன்தான். அவன் பேசினாத்தானே வந்துட்டான்னு தெரியும்."

ஹாரூனை எழுப்பினேன். பச்சையாச்சு. அப்புறம் அப்பா சம்பந்தமே இல்லாம ஒண்ணு கேட்டார்.

"உன் ரெக்கார்டு நோட்டு அந்தப் பையன்கிட்ட எப்படிப் போச்சு?"

நான்தான் கொடுத்தேன்னு சொன்னேன். கேட்டா சொல்லிடுவேன்ல, அப்படித்தான். ஹாரூனோட அத்தாவுக்கு அப்போ மஞ்சள் காமாலை. பள்ளி விட்டதும் இவன்தான் போய்க் கடையைப் பார்த்துக்கிட்டு இருந்தான். ரெக்கார்டு எழுதலை, நாளைக்கு சார் கேட்டா அடி வாங்கிக்கறேன்னான். கேட்கக்கூட இல்லைண்ணா அவன். நான்தான், "போடா லூசு, பார்த்து எழுது"ன்னு அவன் பையில திணிச்சேன். அவன்கிட்ட இருந்து சபரி, சபரிகிட்ட இருந்து தினகர்.

அதை சார் கேட்கலை. யாரைப் பார்த்து யார் எழுதினான்னுதான் கேட்டார். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

அப்பா திட்டுவார்னு பார்த்தேன். திட்டலை. "நல்லாப் பண்ணியிருக்க, நல்லா ஓடுது"ன்னு பெட்டி மேல ரெண்டு தட்டுத் தட்டினார். நான் பதறிட்டேன், டிஸ்க் போயிடும்னு.

இன்னைக்குக் காலையில அம்மா போன் பண்ணாங்க. "பசங்க எல்லாம் வந்தாங்களாமே, நல்லா இருக்காங்களா?" அப்பா திருப்பிப் பேசி விஷயத்தைச் சொல்லலை போல. நான் "ம்"னு சொன்னேன். அது பொய் இல்லை. ம்ங்கிறது ஒரு வார்த்தையே இல்லை.

அப்புறம் அப்பா வண்டியில பெட்டியை முன்னாடி வெச்சு, என்னைப் பின்னாடி உட்கார வெச்சு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தார், வேகத்தடை எல்லாத்துலயும் இறங்கித் தள்ளினார். போர்வையைச் சுத்தினதும் அவர்தான். பஸ் கிளம்பற வரைக்கும் ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே நின்னார். வேலையில ஜெயிச்சுட்டு வா, நல்லாப் பேசு, நேரத்துக்குச் சாப்பிடு, எல்லா அப்பாவும் சொல்ற எதையும் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு சொன்னார்.

"அம்மாபேட்டையில பஸ் பத்து நிமிஷம் நிக்கும் சாமி. அந்தப் பையன் கடை எதிர்லயேதான். இறங்கி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. நோட்டை நான்தான்டா உன் பையில போட்டேன், அதைச் சொல்லாம விட்டுட்டேன், அப்படின்னு. வேற ஒண்ணும் வேண்டாம். நீ ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. பெட்டியைப் பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துக்கச் சொல்லு, அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது."

சரின்னு தலையாட்டினேன்.

ஞாயித்துக்கிழமைன்னா ஹாரூன்தான் கடையில இருப்பான். இருந்தான். நீங்க டீ குடிச்ச கடைக்கு இந்தப் பக்கம், பச்சைத் தட்டி போட்டது, பார்த்திருப்பீங்க. ஒரு டியூபைத் தண்ணித் தொட்டியில அமுக்கி, குமிழி எங்கே வருதுன்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தான். கொஞ்சம் இளைச்சுட்டான். நடுவுல ஒருதடவை நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தானா, சும்மா பஸ்ஸைப் பார்த்தானான்னு தெரியலை. பார்த்துட்டு, ஈரக் கையை அப்படியே முகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டு நின்னான். வெயிலுக்கு மறைச்சானா, கூப்பிட்டானா, அதுவும் தெரியலை.

என் ரெண்டு கையும் பெட்டி மேல இருந்துச்சு. விட்டா சரிஞ்சிடும்.

நீங்ககூட இறங்கும்போது சொன்னீங்க. "நான் வேணா பார்த்துக்கறேன் தம்பி, நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடு"ன்னு. பரவாயில்லைன்னேன்.

பத்து நிமிஷமும் பெட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டுப் போயிருந்தார். பஸ் ஆடவே இல்லை.